நிலவின் ஈரம் படிக்கக் காத்திருக்கிறது

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையைக் கொடிக்காலில் கிள்ளுபவர், காம்பைத் தொட்டதுமே இலையின் ஈரத்தைச் சொல்லிவிடுவார். சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலவின் மண்ணில் விரல் வைக்க வழியில்லை. அங்கே அகச்சிவப்பு ஒளிதான் விரல். மண்ணில் பட்டுத் திரும்பும் வெயிலை நிறமாலையாகப் பிரித்தால், 3 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி ஒரு பள்ளம் விழும். நீரின் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிலும் நீரும் ஒளியை விழுங்கிய தடம் அது.

2008 அக்டோபர் 22 அன்று கிளம்பிய சந்திரயான்-1 சுமந்துசென்ற நாசாவின் எம்3 கருவி அந்தத் தடத்தைக் கண்டது; 2009 செப்டம்பரில் உலகம் அறிந்தது. ஆனால் எம்3-இன் பார்வை 3 மைக்ரானோடு முடிந்துவிட்டது. பள்ளத்தின் ஒரு கரைதான் தெரிந்தது. போதாததற்கு, வெயிலில் காய்ந்த நிலவுத் தரை தானும் அகச்சிவப்பை உமிழ்ந்து பள்ளத்தைத் தூர்த்துவிடும். அந்தச் சூட்டைக் கழித்தால்தான் ஈரம் புலப்படும். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் சிக்கல்.

சந்திரயான்-2 சுற்றுக்கலனில் உள்ள இஸ்ரோவின் நிறமாலைமானி 0.8 முதல் 5 மைக்ரான் வரை பார்க்கிறது. இரு கரையும் தெரிகின்றன. தரையின் சூட்டையும் அதே பதிவிலிருந்தே கணக்கிட்டுக் கழிக்கலாம். 2021-இல் வெளியான ஆய்வு, வடக்கே 29 முதல் 62 பாகை வரையிலான பகுதியில் ஹைட்ராக்சிலையும் நீரையும் பிரித்தே அடையாளம் கண்டது.

ஆனாலும் சந்திரயான்-2 என்றால் 2019 செப்டம்பர் 7 அதிகாலையின் கண்ணீர்தான் நம் நினைவுக்கு வருகிறது. அதன் தரையிறங்கு கலமான விக்ரம் பத்திரமாகத் தரையிறங்காமல் போனது உண்மை. அதற்காக முழுப் பயணத்தையும் தோல்விக் கணக்கில் எழுதுவது அநியாயம். ஓராண்டுக்குத் திட்டமிட்ட சுற்றுக்கலனின் ஆயுள், ஏவுதலின் துல்லியத்தால் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளாக நீளும் என்று இஸ்ரோவே அறிவித்தது.

உண்மையான இழப்பு வேறு: சுற்றுக்கலனின் தரவுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நாம் படிக்காமல் விடுவது. 2020 டிசம்பர் முதல் இஸ்ரோ இந்தத் தரவுகளைப் பொதுவில் வைத்து வருகிறது. பதிவு செய்துகொண்டால் எவரும் இறக்கிக்கொள்ளலாம். சோழவந்தான் இருக்கும் மதுரை வட்டாரத்துக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகள், இறுதியாண்டுத் திட்டப் பணியாக மாணவருக்கு நிலவின் ஒரு துண்டைப் பிரித்துக் கொடுக்கட்டும். கணினியும் பொறுமையும் இருந்தால் போதும்.

அங்கே கற்ற வித்தை இங்கேயும் உதவும். வெற்றிலையின் நீரும் 1.4, 1.9 மைக்ரானில் பள்ளம் போடுகிறது. நிலவின் ஈரத்தைப் படிக்கப் பழகிய பிள்ளைக்குச் சோழவந்தான் கொடிக்காலின் தாகத்தைப் படிப்பது எட்டாத வேலை அல்ல.