அம்மோனியாவுக்கு என்ன விலை?

பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடினாலே மூளை கெட்டுவிடும் என்று நம் வயதுக்காரர்கள் பலர் அடித்துச் சொல்கிறார்கள். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு என்றால் நானும் சேர்ந்து திட்டுவேன். ஆனால் 'த்ரைவ்' என்று ஒன்று இருக்கிறதே, அதையும் அந்தக் கூடையிலேயே போட்டால் நான் சண்டைக்கு வருவேன்.

தன்னார்வலர்கள் கூடி உருவாக்கிவரும் விளையாட்டு அது. ஒற்றைச் செல்லாகத் தொடங்க வேண்டும். செல் இரண்டாகப் பிரிய அம்மோனியாவும் பாஸ்பேட்டும் வேண்டும். மிதந்து வரும் அம்மோனியாவைத் தேடி அலையலாம். அல்லது நைட்ரோஜினேஸைச் செல்லுக்குள் வைத்துக்கொண்டு, நைட்ரஜன் வாயுவிலிருந்து நாமே தயாரிக்கலாம். சும்மா கிடைக்காது, ஏடிபி என்ற சக்தியைக் கொடுத்தாக வேண்டும். வரவு செலவு இடித்தால் செல் செத்துப்போகும்.

இந்த விலையைத்தான் நம் வகுப்பறை சொல்லவில்லை. "பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சில் ரைசோபியம் நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது." இரண்டு மதிப்பெண், கதை முடிந்தது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க 16 ஏடிபி செலவு, ஆக்ஸிஜன் பட்டால் அந்த நொதியே பாழ் என்பதெல்லாம் யார் மனதில் நின்றது? நிலக்கடலை வேர்முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்குமே, அது ஆக்ஸிஜனை அடக்கி வைக்கும் லெக்ஹீமோகுளோபின். நம்மில் பாதிப்பேர் வயல்காட்டில் வளர்ந்தவர்கள்தான். அது எதற்கு என்று எவராவது சொல்லிக்கொடுத்தார்களா?

"அதெல்லாம் கற்பனைச் சரக்கு" என்பார் ஒரு நண்பர், அவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்தான். உட்கரு உள்ள செல்லுக்கு நைட்ரஜனை நிலைநிறுத்தும் தனி நுண்ணுறுப்பு ஒன்றை இந்த விளையாட்டு தருகிறது. பாக்டீரியா போன்றவற்றால்தான் அது முடியும் என்று புத்தகங்கள் வெகுகாலம் எழுதிவந்தன. ஐயா, 2024 ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழில் வந்தது என்ன? பிராருடோஸ்பேரா பிகெலோவி என்ற கடல் பாசிக்குள் அப்படி ஓர் உறுப்பு இருக்கிறது. பெயர் நைட்ரோபிளாஸ்ட். ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா. இன்று பாசி பிரியும்போது கூடவே பிரிகிறது, தனக்கு வேண்டிய புரதங்களில் பலவற்றைப் பாசியிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. அந்தப் பாசியை ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கவே ஜப்பானில் கியோகோ ஹகினோ என்ற அம்மையார் பத்தாண்டுக்கு மேல் பாடுபட்டார். அந்த உறுப்பு நம் புத்தகத்தில் ஏறுவதற்கு முன்பே பிள்ளைகள் விளையாட்டில் ஏறிவிட்டது.

குறை சொல்லியே தீர வேண்டுமென்றால் ஒரு நியாயமான குறை இருக்கிறது, சொல்லுங்கள். விளையாட்டில் அந்த உறுப்பைச் சில நொடியில் எடுத்து ஒட்டிவிடலாம். கடலில் அந்தப் பாசியும் பாக்டீரியாவும் ஒன்றாகி வாழத் தொடங்கி ஏறக்குறைய 10 கோடி ஆண்டு ஆகிறது என்கிறார்கள். இதைப் பேரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அந்தத் திரையை நாம் பார்க்க வேண்டுமே!