அருவின்னா ஷவர் இல்ல

சாரல் எட்டிப் பார்த்ததும் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போன் வர ஆரம்பிச்சிரும். "அண்ணாச்சி, அருவியில தண்ணி விழுதா?" விழுது. ஆனா விழுந்த தண்ணி அப்புறம் எங்க போகுதுன்னு ஒருத்தரும் கேட்டதில்லை.

நான் சொல்றேன். குற்றாலத்தில் உங்க தலையில விழுகிற தண்ணி சிற்றாறா ஓடி, கால்வாய், குளம்னு தென்காசி வட்டார வயல்களை நனைச்சிட்டு, மிச்சம்தான் சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேருது. உங்களுக்கு ஜூன், ஜூலைன்னா 'சீசன்'. எங்களுக்கு அது கார் சாகுபடி. நீங்க குளிக்கிற அதே தண்ணியிலதான் நாங்க நாத்து நடுறோம்.

போன வாரம் எங்க ஊருக்கு மேற்கே மலையடிவாரத்துல இருக்கிற ஒரு சின்ன அருவியைப் பார்க்கப் போனேன். அந்த ஓடையும் சிற்றாத்துக்குத்தான் வருது. இப்போ அதைச் சுற்றுலாத் தலமா 'மேம்படுத்துறாங்க'. ஓடையில பாதி அகலத்துக்குக் கான்கிரீட் மேடை. கார் நிறுத்தணும்னு கரையில நின்ன நீர்மருது மரங்களை வெட்டியாச்சு. கழிப்பறைக்குத் தோண்டின குழி ஓடையிலிருந்து பத்தடி கூட இல்ல. அது நிரம்பி வழிஞ்சா எங்க வாய்க்காலுக்குத்தான் வரும். வேலையை மேற்பார்க்கிறவர்ட்ட, "கீழே பாசனம் பண்றவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னேன். "இது டூரிசம் வேலை, விவசாயத்துக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"னார்.

வசதியே வேண்டாம்னு நான் சொல்லல. பெண்கள் உடை மாத்த அறை வேணும், கழிப்பறை வேணும், வயசானவங்க பிடிச்சு நடக்கக் கம்பி வேணும். அதை எங்க கட்டுறதுங்கிறதுதான் கேள்வி. பாதுகாப்பும் வேணும். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து ஒரு பையன் உயிர் போச்சு. மலை மேல பெய்யற மழை கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது. மேலே மழையைப் பார்த்துக் கீழே எச்சரிக்க ஆளும் சைரனும்தான் தேவை. டைல்ஸும் செல்ஃபி மேடையும் யாரையும் காப்பாத்தாது.

குற்றால அருவிகள்ல சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாதுன்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014லேயே சொல்லிருச்சு. இன்னைக்கும் மடையைத் திறந்தா ஷாம்பு கவர்தான் முதல்ல வயலுக்கு வருது. குனிஞ்சு பொறுக்குறது நாங்க.

நாங்க கேட்கிறது மூணே விஷயம். கட்டடமும் கார்களும் ஓடையை விட்டுத் தள்ளி நிக்கட்டும், கடைசி அரை கிலோமீட்டர் நடந்து வாங்க. கழிவு ஒரு சொட்டுகூட ஓடையில கலக்கக் கூடாது. திட்டம் போடும்போது ஒப்பந்தக்காரருக்கு முன்னாடி, அந்தத் தண்ணியை நம்பியிருக்கிற நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தைக் கூப்பிடணும்.

இதை நாங்க சொன்னா 'வளர்ச்சிக்கு எதிரி'ன்னு பட்டம் கட்டிருவாங்க. உங்களுக்காகத்தான் கட்டுறோம்னு சொல்றாங்க இல்லையா, அப்போ நீங்க கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும். கேளுங்க.