கேஸ் புக்கில் யார் பெயர்?

வீடு மாறுவதென்றால் நம் வீட்டு ஆண்கள் என்னவெல்லாம் விசாரிக்கிறார்கள்! அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை, வண்டி நிறுத்த இடம் உண்டா, வாசல் எந்தத் திசை... எல்லாம் கேட்பார்கள். ‘அங்கே போய் இவள் எதில் சமைப்பாள்?’ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும்தான் கேட்கவில்லை. அதனால் பட்ட பாட்டைத் தோழிகளுக்குச் சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

என் கணவருக்கு வேலை மாற்றலாகி, திண்டுக்கல்லிலிருந்து கோவைக்குக் குடி வந்தோம். மூன்றாவது மாடி வீடு. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். அடுப்பு எங்களுடையது, சிலிண்டர் எதிர் வீட்டு அக்காவிடம் கடன் வாங்கியது! பழைய சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திண்டுக்கல்லில் அம்மா வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தோம். “ரெண்டே நாள்ல கனெக்‌ஷனை மாத்திடலாம்” என்றார் கணவர். அந்த ரெண்டு நாள், இருபத்து மூன்று நாள் ஆனது.

காரணம் இதுதான். கேஸ் புக் என் மாமனார் பெயரில் இருந்தது. அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. மாமியாரும் இல்லை. போன் செய்தால் சிலிண்டர் வந்துகொண்டிருந்ததால், பெயரை மாற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஊர் விட்டு ஊர் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, வவுச்சரும் டெபாசிட் பணமும் வாங்கி, அந்த வவுச்சரைப் புது ஊரில் காட்ட வேண்டும். அதற்குப் புக்கில் பெயர் உள்ளவர் கையெழுத்து வேண்டுமே! மாமனாருக்கு எங்கே போவது?

“இறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்க. மத்த வாரிசுங்க சம்மதக் கையெழுத்தும் வேணும்” என்றார்கள். கொழுந்தனாரிடம் கேட்டால், “எதுக்குண்ணே கையெழுத்து? படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்று இழுத்தார். ஊரில் உள்ள வீடு இன்னும் பாகம் பிரிக்கவில்லை. அவர் பயம் அவருக்கு. இவருக்கோ, ‘தம்பி என்னை நம்பலையே’ என்று கோபம். ஒரு சிலிண்டருக்காக அண்ணன் தம்பி பேச்சே நின்று போனது. கடைசியில் நான்தான் என் ஓரகத்திக்குப் போன் போட்டு, பாரத்தில் இருந்ததை வரி விடாமல் படித்துக் காட்டினேன். “இதுக்கா இவ்வளவு!” என்று அவள் சிரித்தாள். மறுநாளே கையெழுத்து வந்தது.

அதுவரை இண்டக்‌ஷன் அடுப்புதான். எங்கள் வீட்டு அடுப்பை முழு வேகத்தில் வைத்தால், அரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட் ஓடிவிடும். வீட்டுக்கார அம்மாவோ யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கணக்குப் போடுகிறார். “முன்னாடி இருந்தவங்க ஒண்ணும் சொல்லலீங்களே” என்கிறார். அப்போதுதான் இன்னொரு உண்மை புரிந்தது. நம் ஊரில் வீட்டுக் கரண்டை வேறு யாரிடமும் வாங்க முடியாது; எல்லாருக்கும் ஒரே ஈ.பி. தான். ஆனால், அது நமக்கென்று தனி இணைப்பில் வருகிறதா, வீட்டுக்காரர் இணைப்பிலிருந்து சின்ன மீட்டர் வழியாக வருகிறதா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்கலாம் அல்லவா? யூனிட் கூடக் கூட ரேட்டும் கூடும். நாலு குடித்தனம் ஒரே இணைப்பில் ஓடினால் எல்லாருமே மேல் ரேட்டுக்குப் போய்விடுவோம். 2016-ல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று கொண்டு வந்தார்களே, அதுவும் இணைப்புக்குத்தான். சின்ன மீட்டரை வைத்திருக்கும் குடித்தனக்காரருக்கு அது வந்து சேர்வதில்லை.

கரண்டில் இல்லாத உரிமை கேஸில் நமக்கு உண்டு. எந்தக் கம்பெனி, எந்த ஏஜென்சி என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். இண்டேனா, பாரத் கேஸா, ஹெச்.பி.யா என்று பலரும் குழம்புகிறார்கள். ஒரே ஊரில் மூன்றின் விலையும் ஒன்றுதான். வீட்டுக்கு வழக்கமாக வாங்கும் சிலிண்டர் மூன்றிலும் 14.2 கிலோதான். வித்தியாசமெல்லாம் ஏஜென்சியில்தான்! அதனால் நான் கம்பெனி விளம்பரத்தைப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக் கேஸ் புக்கை வாங்கிப் பார்த்தேன். புக் செய்த தேதி என்ன, சிலிண்டர் வந்த தேதி என்ன? மூன்றாவது மாடிக்கு ஏறி வருகிறார்களா, கீழேயே வைத்துவிட்டுப் போகிறார்களா? கேட்டால் முகம் சுளிக்காமல் தராசில் எடை போட்டுக் காட்டுகிறார்களா? இந்த மூன்று கேள்வியில் எனக்கு விடை கிடைத்துவிட்டது.

அங்கேயும் ஒரு சோதனை. “எங்ககிட்ட அடுப்பு வாங்கினாத்தான் கனெக்‌ஷன்” என்றார் அந்த ஏஜென்சி ஊழியர். என்னிடம் நல்ல அடுப்பு இருக்கிறது. அடுப்பை அவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. “அப்படீன்னா அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க” என்றேன். அதற்குப் பிறகு அவர் அடுப்புப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது கனெக்‌ஷன் என் பெயரில். போன் நம்பரும் என்னுடையது. “யார் பேர்ல இருந்தா என்ன, எரியுறது ஒரே நெருப்புதானே” என்று என் கணவர் சிரித்தார். நெருப்பு ஒன்றுதான், சரி. ஆனால் சிலிண்டர் டெலிவரிக்கு ஒரு கோடு நம்பர் வருகிறதே, அது யார் போனுக்கு வருகிறது? திண்டுக்கல்லில் இவர் போனுக்கு வந்தது. மெஷின் சத்தத்தில் இவருக்கு மணி கேட்காது. வாசலுக்கு வந்த சிலிண்டர் திரும்பிப் போன நாள் எத்தனை! ராத்திரி நான்தானே குமுட்டி அடுப்பை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதில் ஆண்களைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. அடுப்படி நம் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்ட நாம், அதற்குரிய தாள் மட்டும் ஆண்கள் பெயரில் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டோம். 2016-ல் உஜ்வலா திட்டம் வந்தபோது, இலவச இணைப்பைப் பெண்கள் பெயரில்தான் கொடுத்தார்கள். அரசுக்குத் தெரிந்தது நமக்குத் தெரிய வேண்டாமா?

சகோதரிகளே, அலமாரியில் இருக்கும் கேஸ் புக்கை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். காலமான பெரியவர் பெயரில் இருந்தால், எல்லாரும் சுமுகமாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். டெபாசிட் கட்டிய தாளைப் பத்திரப்படுத்துங்கள். புது வீடு பார்க்கப் போகும்போது அடுப்படிக்குள் நின்று ஈ.பி. மீட்டரைப் பற்றியும் கேஸைப் பற்றியும் வாய்விட்டுக் கேளுங்கள். ‘இதெல்லாம் பொம்பளை கேக்கற கேள்வியா?’ என்று யாராவது சொன்னால், ‘சமைக்கிறது நான்தானே!’ என்று சொல்லுங்கள். அப்புறம் பேச மாட்டார்கள்!

– ஒரு வாசகி, கோவை.