சூத்திரம் பிறகு, நூல் முதலில்

அன்பின் சக ஆசிரியர்களே,

புலமைப்பரிசில் பரீட்சையைக் காட்டி, சுற்றளவு, பரப்பளவுச் சூத்திரங்களைப் பாடமாக்க வைப்பதை எப்போது நிறுத்தப் போகிறோம்?

சுற்று 20 சென்ரிமீற்றர் வருமாறு ஒரு நூலை முடிந்து பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு சென்ரிமீற்றர்ச் சதுரங்கள் வரைந்த தாளில் செவ்வகம் அமைக்கச் சொல்லுங்கள். நீளம் 9, அகலம் 1 என்றால் உள்ளே 9 சதுரங்கள். நான்கு பக்கமும் 5 என்றால் 25. நூல் அதேதான், பரப்பளவு வேறு. கையால் செய்து கண்ட பிள்ளை வேலியையும் வளவையும் குழப்பாது.

"நேரமில்லை" என்கிறோம். எதைக் கூட்டுவது, எதைப் பெருக்குவது என்று தெரியாமல் எங்கள் முகத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு மாதிரி வினாத்தாள்களை அடுக்க மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது? நாளைக்குக் காணி வாங்கும்போது வேலியின் நீளத்தைப் பார்த்து ஏமாறப்போவதும் அந்தப் பிள்ளைதான்.