சீனாய் மடத்தார் மேல் ஏற்றிய பழி

எகிப்து நாட்டுச் சீனாய் மலையடியில் உரோமப் பேரரசன் ஜஸ்டினியன் ஆறாம் நூற்றாண்டில் எடுப்பித்த புனித கத்தரீன் மடத்துக்குச் செல்வோர், கோட்டை போன்ற அதன் மதிலையும், பலிபீடத்தின் மேல்வளைவில் கிறிஸ்து ஒளியுருக் கொண்ட காட்சியை வண்ணச் சில்லுகளாற் பதித்த சித்திரத்தையும் கண்டு வியப்பர். மெழுகிற் குழைத்த வண்ணத்தால் அந்நூற்றாண்டிலேயே தீட்டப்பெற்ற கிறிஸ்துவின் படமும் ஆண்டுண்டு. அம்முகத்தின் ஒருபாதி அருளும் மறுபாதி கண்டிப்பும் காட்டும். இத்துணைச் செல்வங்களிடையே ஒரு கடிதமும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அதனை நின்று வாசிப்போர் சிலரே.

கிரேக்க விவிலியத்தின் நான்காம் நூற்றாண்டுத் தோற்சுவடியொன்று இம்மடத்தில் இருந்தது. ஜெர்மானிய அறிஞர் டிஷெண்டார்ப் 1844-இல் அதன் 43 ஏடுகளைக் கொண்டு சென்றார். 1859-இல் மீண்டும் வந்து 347 ஏடுகளைப் பெற்றார். கேட்டவுடன் பழுதின்றித் திருப்பித் தருவதாக அப்போது அவர் எழுதிக் கொடுத்ததே அக்கடிதம். ஏடுகளோ உருசியப் பேரரசர்க்குக் காணிக்கையாயின.

மடத்தார் அவ்வேடுகளை நெருப்பிலிடவிருந்தனர், அறிஞரே காத்தார் என்பாருளர். அது பொருந்தாது. கூடையிற் கிடந்த ஏடுகளைப் பற்றிய அக்கதைக்கு, கொண்டு சென்றவர் வாய்மொழியன்றி வேறு சான்றில்லை. கொண்டவனே சான்றாகி, கொடுத்தவனைக் குற்றவாளியாக்குதல் எந்நாட்டு வழக்கு? எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளிற் கான்ஸ்டாண்டினோபிள் அரசர் ஆணையாற் கிறித்தவத் திருவுருவங்கள் எங்கும் அழிக்கப்பட்ட காலத்தும் இம்மடத்துப் படங்கள் தப்பின. அரபியர் ஆட்சிக்குட்பட்டிருந்தமையால் அவ்வாணை அங்குச் செல்லவில்லை என்பது மெய்யே. எனினும் பின்னும் ஆயிரமாண்டு அவற்றையும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகளையும் பாலையிற் பேணியவர் யாவர்? அத்துறவிகளே அன்றோ!

1869-இல் மடத்தலைவர் தானப்பத்திரத்திற் கையெழுத்திட்டார், 9,000 ரூபிளும் பெற்றார் என்பது அடுத்த தடை. ஏடுகள் அயலார் கையிற் சேர்ந்து பத்தாண்டு கழிந்தபின், மீட்கும் வலியற்றவரிடத்து வாங்கிய கையெழுத்து அது. அதனைத் தானம் என்றல் சொல்லுக்கே இழுக்கு. பேரரசர் கொண்ட காணிக்கையும் காணிக்கையாய் நிற்கவில்லை. 1933-இற் சோவியத்து அரசு அதனை ஒரு லட்சம் பவுனுக்கு இலண்டனில் விற்றது.

1975-இல் மதிலையடுத்த மறந்துபோன அறையொன்றில் அதே சுவடியின் 12 ஏடுகளும் துணுக்குகளும் கிடைத்தன. உள்ளதையே அறியாதவர் என இதனையும் பழிப்பர். மறந்தனர், ஆயினும் எரித்திலர், விற்றிலர்.

இலண்டனில் இருந்தாலன்றோ யாவரும் காணலாகும் என்பதே எஞ்சிய வாதம். நான்கு இடங்களிற் சிதறிக் கிடக்கும் ஏடுகளின் படங்கள் 2009-இல் இணையத்தில் ஒருங்கே வெளியாயின. எவ்வூரினரும் வீட்டிலிருந்தே அவற்றை வாசிக்கலாம். இனி மூல ஏடுகளை மடத்துக்கு மீட்டளித்தால் வாசிப்போர்க்கு என்ன குறை நேரும்? இவ்வினாவுக்கு விடை கூறவேண்டியவர் சீனாய் மடத்தார் அல்லர்.