"பிளெஸ்ட்" என்று போடுவதற்கு முன் ஒரு நிமிஷம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை உபயம். நம்ம பக்தர் ஒருத்தரோட மகன் மோட்டார்ல வேலைக்குப் போறப்ப லோரி உரசி விழுந்து, கை எலும்பு முறிவோட தப்பிச்சான். அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டபடி அபிஷேகம், அன்னதானம் எல்லாம் சிறப்பா நடந்துச்சு. படங்களைப் போட்டது நாங்கதான். தமிழ் படிக்காத பிள்ளைகளுக்கும் புரியட்டும்னு மேலே இங்கிலீஷ்ல "பிளெஸ்ட்"னு ஒரே சொல் எழுதினோம்.

கீழே ஒருத்தர் "சோ லக்கி"ன்னு எழுதினார். பையனோட அம்மாவுக்கு வருத்தம். "லக்குன்னா நாலு நம்பர் அடிச்ச மாதிரி இருக்கு. என் மகனைக் காப்பாத்தினது அம்மன்"னு சொன்னாங்க. அவங்க சொன்னது நியாயம்னு எங்களுக்குப் பட்டுச்சு.

அன்னைக்கு ராத்திரி பாத்திரம் கழுவுற இடத்துல இன்னொரு அக்கா நின்னாங்க. அவங்க மகன் மூணு வருஷத்துக்கு முன்னால மோட்டார் விபத்துல தவறிட்டான். அப்பவும் வெள்ளிக்கிழமை தவறாம வர்றவங்க. போன்ல அந்தப் படத்தைப் பார்த்துட்டு, கோபமே இல்லாம கேட்டாங்க: "அப்போ எம்புள்ளைக்கு அம்மன் அருள் இல்லையா தம்பி?"

எங்களால பதில் சொல்ல முடியல.

நாங்க எஸ்பிஎம்மோட நிறுத்தினவங்க. அதனால ஆலயத்துக்கு வர்ற ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருத்தர்கிட்ட கேட்டோம். அவர் சொன்னதைக் கேட்டப்புறம்தான், ஒரே அர்த்தம்னு நாம நினைச்சுப் புழங்குற சொற்கள் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தூரம்னு புரிஞ்சது.

"லக்" என்பது தற்செயல். டச்சு, ஜெர்மன் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதல்ல சூதாட்டக்காரங்க பேச்சுல வந்திருக்கலாம்னு சொல்றாங்க. அதுல கொடுத்தவர்னு யாரும் இல்லை. லக்கி டிரோவுல ஃபேன் விழுந்தா அது லக். "ஹேப்பி" என்ற சொல்லுக்கே வேர் "ஹேப்", அதாவது தற்செயல் என்பது எங்களுக்குப் புதுசு.

"ஃபார்ச்சூன்" ரோமானியர்களோட தெய்வம் ஃபார்ச்சூனாவோடு சேர்ந்த சொல். அவள் கையில் சக்கரம். மேலே இருக்கிறவன் கீழே வருவான், கீழே இருக்கிறவன் மேலே போவான். இன்னைக்கு "ஃபார்ச்சுனேட்"னு சொன்னா ஒரு நாள் அடிச்ச யோகம் இல்லை, அமைஞ்ச நிலைமை. நல்ல அப்பா அம்மா, படிக்க வசதி, உடம்புல நோய் இல்லாதது, இதெல்லாம் அதுல சேரும்.

"பிளெஸ்ட்" வேற. அதுல ஒருத்தர் கொடுக்கிறார், ஒருத்தர் வாங்கிக்கிறார். பழைய ஆங்கிலத்துல அந்தச் சொல்லுக்கு ரத்தம் தெளிச்சுப் புனிதமாக்குறதுனு பொருளாம். சாதாரண சொல் இல்லை.

இங்கேதான் எங்க கருத்து. லக்குக்கு எதிர்ச்சொல் இருக்கு, "பேட் லக்"னு தினமும் சொல்றோம். ஃபார்ச்சுனேட்டுக்கு "அன்ஃபார்ச்சுனேட்" இருக்கு. அதனால இந்தச் சொற்களைச் சொல்றப்பவே எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்குன்னு மனசுக்குத் தெரியும். "பிளெஸ்ட்"டுக்கு எதிர்ச்சொல்லை அன்றாடப் பேச்சுல நாம அவ்வளவா சொல்றதில்லை. யாரும் யாரையும் பார்த்து "நீ அருள் கிடைக்காதவன்"னு சொல்றதில்லை. ஆனா நாம "பிளெஸ்ட்"னு ஊருக்குச் சொல்றப்ப, சொல்லாமலே அதைச் சொல்லிடுறோம். அந்த அக்காவுக்கு அது கேட்டுச்சு. எங்களுக்குக் கேட்கல.

தமிழ்ல இந்தச் சிக்கல் இல்லைன்னு பெருமைப்பட வேண்டாம். "கொடுத்து வச்சவங்க"ன்னு சொல்றோமே, அப்போ மத்தவங்க கொடுத்து வைக்கலையா? அதே முள்ளுதான். "அதிர்ஷ்டம்" கொஞ்சம் அடக்கமான சொல். அந்த வடசொல்லுக்கு நேர்ப்பொருள் கண்ணுக்குத் தெரியாதது. காரணம் நமக்குத் தெரியாதுன்னு ஒத்துக்கிற மாதிரி.

அதுக்காக எல்லாத்தையும் லக்குன்னும் விடக்கூடாது. எங்க ஃபேக்டரியில மெஷின்கிட்ட ஒருத்தர் மயிரிழையில தப்பினா, பசங்க "லக்கிலா போஸ்"ம்பாங்க. நாங்க விடமாட்டோம். கவர் மாட்டியிருந்துச்சா, சென்சார் வேலை செஞ்சுச்சா, இல்ல நெஜமாவே தற்செயலானு எழுதி வாங்குவோம். லக்குன்னு முடிச்சுட்டா அடுத்த தடவை ஒரு விரல் போகும். அந்தப் பையனும் அன்னைக்கு ஹெல்மெட் கிளிப்பைச் சரியா மாட்டியிருந்தான். அதையும் சொல்லணும். அம்மன் அருளைக் குறைக்கிற பேச்சு இல்லை இது. கிளிப் மாட்டுற புத்தியும் அவள் கொடுத்ததுதான்.

"பக்தி உள்ளவன் அருள்னு சொல்லாம வேற என்ன சொல்வான்?"னு சிலர் கேட்பீங்க. சொல்லுங்க. கர்ப்பகிரகத்துக்கு முன்னால நின்னு, கண்ணுல தண்ணி வர, அவள்கிட்டயே சொல்லுங்க. பையனோட அம்மா அப்படித்தான் சொன்னாங்க, அதுல தப்பே இல்லை. தப்பு எங்க மேல. ஒரு தாய் அம்மன்கிட்ட சொன்னதை நாங்க எடுத்து ஊருக்குப் பட்டம் மாதிரி ஒட்டினோம். புது கார், புது வீடு, பிள்ளையோட ரிசல்ட் எல்லாத்துக்கும் "பிளெஸ்ட்" போடுற பழக்கத்துல இதுக்கும் போட்டுட்டோம்.

இனிமே ஆலயப் படங்களுக்கு "தேங்க்ஃபுல்"னு எழுதலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். நன்றி சொல்றவன் தன் மனசைச் சொல்றான். அம்மன் கணக்கை அவன் எழுதப் போகல. யாருக்கு எவ்வளவு அருள்னு அளக்குற வேலை தொண்டர்களுக்கு இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அக்காகிட்ட போய், சொல்லை மாத்திட்டோம்னு சொன்னோம். அவங்க ஒண்ணும் பேசல. கழுவின தட்டுகளைத் துடைக்கச் சொல்லி எங்க கையில கொடுத்தாங்க. அவங்க கேட்ட கேள்விக்கு எங்ககிட்ட இன்னும் பதில் இல்லை. பக்கத்துல நின்னு தட்டு துடைக்க முடியுது, அவ்வளவுதான்.

இந்த வெள்ளிக்கிழமையும் அன்னதானம் உண்டு. பாத்திரம் கழுவ ஆள் குறைவு, முடிஞ்சவங்க வாங்க. மோட்டார்ல வர்ற தம்பிங்க ஹெல்மெட் கிளிப்பை மாட்டிட்டு வாங்க.

தாயே துணை.