அலுவற் பயணமும் ஊர்வழிப் பயணமும்

பொருளீட்டுதற் பொருட்டுப் பிறநாடு செல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. பண்டைப் புலவர்கள் பொருள்வயிற் பிரிவென ஒரு துறையே வகுத்து வைத்தனர். இக்காலத்தும் இக்கல்லூரியிற் பயின்று வெளியேறிய நண்பர் பலர், தாம் ஊழியம் புரியும் கம்பெனிகளின் பொருட்டு அடிக்கடி கடல் கடந்து சென்று மீள்கின்றனர். ஆயின், மீண்டு வந்தாரை நோக்கி, "அந்நாட்டிற் கண்டது யாது?" என்று வினவுவோமாயின், விமான நிலையம், விடுதி, ஆலோசனைக் கூடம் என்னும் மூன்றன்றி வேறு விடை கிடைப்பது அரிது. இம்மூன்றும் எந்நாட்டினும் ஏறத்தாழ ஒரே தன்மையன. இவற்றை மட்டுங் கண்டு வந்தவர் அந்நாட்டைக் கண்டவராகார் என்பது நமது துணிபு.

ஆதலின், அலுவல் முடிந்த பின்னர்த் தமக்குரிய விடுமுறையில் இரண்டு மூன்று நாட்களைச் சேர்த்துக்கொண்டு, உல்லாசப் பிரயாணிகள் திரளாகச் செல்லாத உள்நாட்டு வழியொன்றில் மோட்டார் வண்டியிற் சென்று வருதல் நன்று என்கிறோம். இதனைக் கேட்டு, "பிறர் செலவில் வேடிக்கை பார்க்கும் உபாயமன்றோ இது?" என்று சிலர் நகைக்கக்கூடும். அவ்வினாவுக்குப் பின்னர் விடை கூறுவோம். முதற்கண், இப்பயணத்தால் விளையும் பயன் யாதென்பதை நாம் கண்ட ஓரிடங் கொண்டு விளக்குவோம்.

ஜப்பான் தேசத்து ஒஸாகா மாநகருக்கு அலுவல் நிமித்தம் நாம் ஒருகாற் சென்றிருந்தோம். அங்குச் செல்வோர் ஓய்வு வாய்த்தாற் காணப் போவது பெரும்பாலும் கியோட்டோ நகரமே. அஃது அழகிற் சிறந்ததாயினும் ஜனநெருக்கம் மிக்கது. நாமோ மேற்கே கோபே நகரைக் கடந்து ஷிகோக்குத் தீவை நோக்கினோம். கடலின்மீது அகாஷித் தொங்குபாலம் குறுக்கிடுகின்றது. 1998-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இப்பாலத்தின் நடுக்கண் 1,991 மீட்டர் நீளமுடையது. 2022-இல் துருக்கி தேசத்தில் இதனினும் நீண்டதொன்று திறக்கப்படும்வரை தொங்குபாலங்களுள் இதுவே உலகில் முதலிடம் பெற்றிருந்தது. பொறியியலறிஞர் வகுத்த அளவு 1,990 மீட்டரே. பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருக்கையில் 1995 ஜனவரி 17-இல் நேர்ந்த பூகம்பம் இருபாற் கோபுரங்களையும் விலக்கி, ஏறக்குறைய ஒரு மீட்டரைக் கூட்டிவிட்டது. அதே பூகம்பத்தில் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

பாலத்திற்கு அப்பால் அவாஜித் தீவும், அதன் தென்முனையில் நீர்ச்சுழல்களாற் பெயர்பெற்ற நருட்டோ நீரிணையும், அதனைக் கடந்தால் ஷிகோக்குவும் உள்ளன. அத்தீவின் நடுவே, செங்குத்தான மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடப்பது இயாப் பள்ளத்தாக்கு. 1185-இற் போரில் தோற்ற தைரா குலத்தார் இங்கு வந்து ஒளிந்தனரென்பது கர்ணபரம்பரை. இங்குக் காட்டுக்கொடிகளாற் பின்னிய பாலமொன்று, 45 மீட்டர் நீளத்தில், ஆற்றுக்கு 14 மீட்டர் உயரத்தில் தொங்குகின்றது. பகைவர் வரின் அறுத்தெறிதற்கென்றே அங்ஙனம் அமைத்தனர் என்பர். இன்று உள்ளே எஃகு வடமிட்டு, மூன்றாண்டுக்கொரு முறை புதுப்பிக்கின்றனர்.

இம்மட்டும் வருவோர் பலர். இதற்கப்பால் 439 என்னும் எண்ணுடைய நெடுஞ்சாலையிற் செல்வோர் சிலரே. நெடுஞ்சாலை என்பது பெயரளவே. பல இடங்களில் ஒரு வண்டி செல்லும் அகலமே உண்டு. அவ்வழியிலுள்ளது நாகோரோ என்னுஞ் சிற்றூர். பேருந்து நிற்குமிடத்தில் மூவர் அமர்ந்திருந்தனர். வயலில் ஒருவர் களை பறித்துக்கொண்டிருந்தார். அணுகிப் பார்த்தபோது அனைவரும் துணியும் வைக்கோலுங் கொண்டு செய்த பொம்மைகள். ஒஸாகாவில் வாழ்ந்து, தந்தையாரைப் பேணுதற்குத் தம் ஊர் திரும்பிய ஓர் அம்மையார், வயலிற் பறவையோட்டத் தந்தையின் சாயலில் ஒரு பொம்மை செய்தாராம். பின்னர் இறந்தவர்க்கும் ஊரைவிட்டுச் சென்றவர்க்கும் ஈடாக ஒவ்வொன்றாகச் செய்துவரலாயினர். ஊர்ப் பள்ளிக்கூடம் 2012-இல் மூடப்பட்டது. அதனுள் இன்று பாடங் கேட்போரும் பொம்மைகள், கற்பிப்போரும் பொம்மைகள். 2019-ஆம் ஆண்டளவில் அவ்வூரில் உயிருடன் வாழ்ந்தவர் முப்பதின்மரினுங் குறைவு.

அங்கு நிற்கையில் ஒன்று நினைவுக்கு வந்தது. முந்தின நாள் ஒஸாகாவில் நம்மோடு விலை பேசிய கனவான், தம் வயது முதிர்ந்த தாயார் மலையூரொன்றில் தனித்திருப்பதாகப் பேச்சினிடையே சொல்லியிருந்தார். அதனைச் செவியில் வாங்கினோமேயன்றி மனத்தில் வாங்கினோமில்லை. நாம் கண்டு வியந்த மாநகரத்துச் சுறுசுறுப்புக்கு இத்தகைய ஊர்கள் தம் மக்களைக் கொடுத்து வெறுமையாயின என்பதை எந்த ஆலோசனைக் கூடமும் நமக்கு உணர்த்தவில்லை. நம் நாட்டுச் சிற்றூர்களில் ஆளின்றிக் கிடக்கும் திண்ணைகளும் அப்போது கண்முன் தோன்றின. மீண்டு சென்று அக்கனவானைக் கண்டபோது நாம் முதலிற் கேட்டது சரக்கின் விலையையன்று. அவர் தாயாரின் க்ஷேமத்தையே. அவர் சற்று நேரம் பேசாதிருந்து, பின் நெடுநேரம் பேசினார். ஊர்வழிப் பயணத்தின் பயன் இதுவே.

இனி, முன்னர்க் குறித்த வினாவுக்கு வருவோம். இப்பயணத்துக்கு நாணயம் முதல் தேவை. பயணம் புறப்படுமுன்னரே மேலதிகாரிக்கு எழுத்து மூலம் அறிவித்து இசைவு பெறுதல் வேண்டும். மறுத்தால் விட்டுவிடுதல் வேண்டும். வண்டி வாடகை, பெட்ரோல், பாலச் சுங்கம், விடுதிக் கட்டணம் யாவும் தம் கைப்பொருளாகவே இருத்தல் தகும். திரும்பும் நாள் மாறுவதால் விமானக் கட்டணம் ஏறின், அவ்வேற்றமும் தம்முடையதே. கம்பெனி எடுத்துள்ள இன்ஷூரன்ஸ் விடுமுறை நாட்களுக்கும் செல்லுமா என்று கேட்டறிந்து, செல்லாதெனில் வேறொன்று எடுத்துக்கொள்க. விசாவில் அனுமதித்த நாட்களுக்குள் பயணம் அடங்குகின்றதா என்பதையும் நோக்குக.

ஜப்பானில் வண்டியோட்ட, 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்பெற்ற சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரம் வேண்டும். இதனை இந்தியாவிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற் பெற்றுச் செல்லலாம். நம் நாட்டைப் போலவே ஆங்கும் வண்டிகள் இடப்பக்கமே செல்கின்றன. எனினும் இருப்புப்பாதையைக் கடக்குமிடந்தோறும் ரயில் வரினும் வராவிடினும் நின்றே செல்லல் வேண்டுமென்பது அங்குள்ள சட்டம். மலைவழியில் தூரத்தைக் கிலோமீட்டராலன்றி மணியால் அளத்தல் நன்று. சிற்றூர்களிற் பெட்ரோல் கிடைக்குமிடங்கள் அரியவாகலின், கீழிருந்தே கலத்தை நிறைத்துக்கொள்க.

யாவற்றினும் தலையாயது ஒன்று. அதனை நம் பிழையினின்றே கற்றோம். கடைசி ஆலோசனை முடிந்த அன்று மாலையே, ஒரு நாளை மிச்சப்படுத்தும் ஆசையாற் புறப்பட்டோம். பல நாட் கண்விழிப்பின் களைப்போடு இரவில் மலையேறுகையில் கண்ணயர்ந்தோம். வழியோரத்துத் திறந்த கால்வாயின் விளிம்பில் இடச் சக்கரம் உரசிய ஒலியே நம்மை எழுப்பிற்று. ஒரு முழம் தவறியிருப்பின் நம் இல்லத்தார்க்கு வேறு செய்தி சென்றிருக்கும். அன்றிரவு வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, விடியும்வரை உள்ளேயே இருந்தோம். ஆதலின், அலுவல் முடிந்த இரவை உறக்கத்துக்கே விடுக. சமவெளி நகரொன்றில் தங்கி, காலையில் மலையேறுக. அதற்கு நாள் போதாதெனின் மலையை மறுமுறைக்கு வைத்துக்கொள்க.

நம் கல்லூரியில் இன்று பயிலும் இளைஞருட் பலர் நாளை இவ்வாறு அயல்நாடு செல்வர். அவர்கள் பெட்டியில் விலைப்பட்டியலோடு அந்நாட்டுத் தேசப்படமொன்றையும் வைத்துக்கொள்வாராக. தம்மோடு வாணிகம் பேசும் மனிதர் எவ்வூரினின்று வந்தவரென்று ஒருகாலாயினும் கேட்பாராக. இயலுமேல் அவ்வூரை நோக்கியே வண்டியைச் செலுத்துவாராக.